ஆறு பிறக்கும் இடத்தைப் பார்க்கப் போனோம்

ஒவ்வொரு வருடமும் பாடசாலையிலிருந்து பிள்ளைகளிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பப்படுகின்றது. "எனது பிள்ளையைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல அனுமதி தருகின்றேன்" என்று எழுதி, பெற்றோர் கையொப்பம் இடுவதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஆண் பிள்ளைகளின் கடிதங்கள் பெரும்பாலும் கையொப்பத்துடன் திரும்பிப் போகின்றன. பெண் பிள்ளைகளின் கடிதங்கள் பல, புத்தகப் பைக்குள்ளேயே மடிந்து கிடந்துவிடுகின்றன. பணம் இல்லை என்பது ஒரு காரணம். பயம் என்பது இன்னொரு காரணம். பணத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுகின்றோம். பயத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகின்றேன்.

நான் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த பின்னர், சில வருடங்களாக மூதூர்ப் பகுதியில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுடன் வேலை செய்து வருகின்றேன். மலைநாட்டுக்காரி கடற்கரை ஊரில் என்ன செய்கிறாள் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கான பதிலும் நான் மாணவியாகப் போன சில பயணங்களில்தான் இருக்கின்றது.

எனது முதலாவது வெளிக்களப் பயணம் தோட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. நாலாம் ஆண்டு படிக்கும்போது சுற்றாடல் பாட நேரத்தில் டீச்சர் எங்களிடம், "பீலித் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார். "குழாயிலருந்து" என்றோம். "குழாய்க்கு எங்கேயிருந்து வருது?" என்றார். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, "தொரை அனுப்புறாரு டீச்சர்" என்றான். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அது சரியான விடையாகவே பட்டது.

அடுத்த கிழமை டீச்சர் எங்களைக் கூட்டிக்கொண்டு தேயிலை மலைக்கு மேலே ஏறினார். கடைசித் தேயிலை நிரைக்கு அப்பால் ஒரு சிறிய காடு இருந்தது. பாறை இடுக்கில், பன்னத் தாவரங்களின் வேருக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்கு நீர் கசிந்துகொண்டிருந்தது. அதைத் தேக்க ஒரு தொட்டியும், தொட்டியிலிருந்து ஒரு குழாயும் இருந்தன. அவ்வளவுதான் எங்கள் பீலி. டீச்சர் ஒரு கோப்பைத் தண்ணீரை மரத்தடி மண்ணில் ஊற்றினார். அது அப்படியே உள்ளே இறங்கியது. இன்னொரு கோப்பையை ஆட்கள் நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதையில் ஊற்றினார். அது மண்ணையும் கரைத்துக்கொண்டு கீழே ஓடியது. "இந்தக் காடு இல்லாட்டி இந்த ஊற்று இருக்குமா?" என்று கேட்டார். அந்த இரண்டு கோப்பைத் தண்ணீரில் படித்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா சொன்னார், "இருவது வருசமா தூக்குறேன். எங்கருந்து வருதுன்னு நா ஒரு நாளும் போயிப் பாத்ததில்ல."

எங்கள் பேச்சில் 'மலைக்குப் போறது' என்றால் வேலைக்குப் போவது. ஒரு பெண் காலையில் மலைக்குப் போகிறாள் என்றால் கூடையும் படங்கும் அவளோடு போகின்றன. ஏறிய மலையை நின்று பார்ப்பதற்கு அவளுக்கு நேரம் இல்லை. பேர் விழ வேண்டுமானால் கொழுந்து நிறை காட்ட வேண்டும். ஐந்து தலைமுறையாக அதே சரிவில் ஏறி இறங்கிய பெண்களுக்கு அந்த மண்ணைப் பற்றிய கல்வி கிடைக்கவில்லை என்பதை நான் சமூகவியல் படிக்கும்போதுதான் சொற்களில் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஆனால் விளங்கியது அந்தப் பீலியின் ஊற்றில்தான்.

இரண்டாவது பயணம் 2003 இல், எட்டாம் ஆண்டில், ஹக்கலை தாவரவியல் பூங்காவுக்கு. அப்போது நான் பெரியவளாகி ஆறு மாதம். பயணத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அம்மாவின் ஒரு நாட் சம்பளத்துக்கும் மேல். அம்மாயி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "பொம்பளப் புள்ளைய பஸ்ஸுல ஏத்தி அவ்வளவு தூரம் அனுப்புறதா?" என்றார். டீச்சர் எங்கள் லயத்துக்கே வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தார். பூங்காவைப் பற்றி அவர் சொன்ன எதுவும் அம்மாயியிடம் எடுபடவில்லை. கடைசியில், "வார வழியில சீதை அம்மன் கோயிலுக்கும் போவோம்" என்றார். அம்மாயி இறங்கி வந்துவிட்டார். கோயிலுக்கு என்றால் எவ்வளவு தூரமும் அனுப்பலாம், படிப்பதற்கு என்றால் பக்கத்து டவுனும் தூரம் என்பது மலையகத்தில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல என்பதை வாசிக்கும் நீங்களும் அறிவீர்கள்.

நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் இருக்கும் ஹக்கலை இன்று ரோசாப் பூக்களுக்குப் பேர்போனது. அது 1861 இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம். சிங்கோனாப் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் கிடைத்தது. இடம்பெயர்ந்து காடுகளிலும் கூடாரங்களிலும் இருந்த உங்களுக்கு மலேரியாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869 இல் தொடங்கிய இலை நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததும், எங்கள் முன்னோர் கோப்பிக் காட்டிலிருந்து தேயிலைக்கு மாறியதும் அன்று அந்த மரங்களுக்கு அடியில் நின்று கேட்ட கதைகள். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை ஆளுயரத்தையும் தாண்டி மரமாக வளரும் என்று டீச்சர் சொன்னபோது எங்களுக்கு நம்ப முடியவில்லை. இடுப்பளவுக்கு மேல் நாங்கள் தேயிலையைக் கண்டதில்லை. "அப்ப நம்மளையும் கவ்வாத்து வெட்டித்தான் வச்சிருக்காங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. போகும் வழியில் ஒரு பிள்ளைக்கு மாதவிடாய் வந்துவிட்டது. அவள் அழுதாள். டீச்சர் தமது பையிலிருந்து துணியும் மாற்றுப் பாவாடையும் எடுத்துக் கொடுத்து, பஸ்ஸை நிறுத்தி, தேநீர்க் கடைக்காரியிடம் கேட்டு அவளை மலசலகூடத்துக்குக் கூட்டிச் சென்றார். பத்து நிமிடத்தில் அவள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அம்மாமார் வாய்விட்டுச் சொல்லாத பயங்களில் இதுவும் ஒன்று. ஒரு பெண் ஆசிரியையின் பைக்குள் அதற்கு விடை இருந்தது.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்த என் சிநேகிதி அன்று வரவில்லை. அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு தம்பிமாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அடுத்த வருடம் அவள் பாடசாலையை விட்டு நின்று, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். ஒரு நாட் பயணம் அவளுடைய வாழ்க்கையை மாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றுலாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லப் பழகிய வீட்டில், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்பது இலகுவாகிவிடுகின்றது. இன்று அவள் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகள் பாடசாலையில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிக் குழுவில் இருக்கிறாள். வகுப்பில் முதலாவதாகத் திரும்பி வரும் அனுமதிக் கடிதம் அந்தப் பிள்ளையினுடையதுதான்.

மூன்றாவது பயணம் 2005 இல், ஹோர்ட்டன் சமவெளிக்கு. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு நுவரெலியா, அம்பேவலை, பட்டிப்பொல வழியாகப் போனோம். அது ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் உள்ள வெளி. 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைச் சொத்தாகியது. வாசலில் எங்கள் பைகளைப் பார்த்து, பிஸ்கட் சுற்றியிருந்த பொலித்தீனை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். மரைகள் பொலித்தீனைத் தின்று சாவதால் அந்த ஏற்பாடு. வன்னியில் நீங்கள் அறிந்த அதே மரைதான். குளிரில் புல்லின் நடுவே நின்று எங்களைப் பார்த்தது.

அங்கே மரங்கள் உயரமாக இல்லை. காற்றில் முறுகி, குட்டையாக, பாசி மூடிக் கிடந்தன. டீச்சர் ஒரு கிளையில் இருந்த பாசியை மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரல் இடுக்கால் தண்ணீர் வழிந்தது. மழை பெய்யாத நாட்களிலும் இந்த மரங்கள் மூடுபனியிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. புல்வெளியின் கறுத்த மண் பஞ்சு போல அதை வைத்திருந்து ஓடைகளுக்கு விடுகின்றது. தேயிலைக்கும் கோப்பிக்குமாக மலைகள் முழுதும் வெட்டப்பட்ட காலத்தில், 1873 இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5000 அடிக்கு மேலுள்ள காடுகளையாவது விட்டுவைக்கும்படி ஆலோசனை கூறினார். அப்படி மிஞ்சிய காட்டில்தான் நாங்கள் அன்று நின்றோம்.

பிறகு டீச்சர் ஒரு குச்சியால் நிலத்தில் மூன்று கோடுகள் கீறினார். இந்த மலைகளில் விழும் மழை மூன்று திசைக்குப் பிரிகின்றது. ஒரு பங்கு பெலிஹுல் ஓயாவாகி வளவை கங்கையில் சேர்ந்து தெற்குக் கடலுக்குப் போகின்றது. ஒரு பங்கு களனி கங்கையில் சேர்ந்து கொழும்புப் பக்கம் போகின்றது. மற்றப் பங்கு ஆக்ரா ஓயாவாகி, அக்கரப்பத்தனையைத் தாண்டி, தலவாக்கலையில் எங்கள் கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்ந்து, கம்பளை, பேராதனை, கண்டி, மகியங்கனை, மன்னம்பிட்டி என்று ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகின்றது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். எங்கள் பீலியில் மிஞ்சி ஓடும் தண்ணீரும் அந்த வழியில்தான் போகின்றது. நான் அன்றைக்குத் தோட்டத்துக்கு வெளியே கண்டிருந்தது நுவரெலியாவையும் ஹட்டனையும் மட்டும்தான். எங்கள் தண்ணீர் என்னைவிடத் தூரம் போயிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

'உலக முடிவு' என்று சொல்லப்படும் விளிம்புக்குப் போனோம். 800 மீற்றருக்கும் மேலான பள்ளம். முகில் மூடுவதற்கு முன்னர் சிறிது நேரம் கீழே தெரிந்தது. அங்கேயும் ஒரு தேயிலைத் தோட்டம். கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். கூடை இல்லாமல் மலைக்குப் போனது அன்றுதான்.

அடுத்த வருடம், 2006 ஜூலையில், நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, மாவிலாற்றின் மடை மூடப்பட்டது என்று வானொலியில் கேட்டோம். அதைத் தொடர்ந்து மீண்டும் மூண்ட சண்டையில் ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியுடன் வெளியேறினார்கள். மாவிலாற்றுக்கு வரும் நீர் மகாவலி நீர் என்று டீச்சர் வரைபடத்தில் காட்டினார். வானொலியில் கேட்கும் ஓர் ஊரின் பெயர் அதன்பின் எனக்கு வெறும் பெயராக இருக்கவில்லை. நான் வேலைக்கு மூதூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூதூரில் அம்மாமாருடன் பேசும்போது ஒரு வாக்கியத்தை அடிக்கடி கேட்பேன். "காட்டுப் பக்கம் போகாத." யுத்த காலத்தில் அது உயிர் காத்த வார்த்தை. காட்டில் கண்ணிவெடி இருந்தது, ஷெல் விழுந்தது, போன பிள்ளை திரும்பி வரவில்லை. 1977 இலும் 1983 இலும் மலைநாட்டில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய எம்மவர்கள் இந்தப் பயத்தை இரண்டு இடத்திலும் அனுபவித்தவர்கள். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2009 க்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே வார்த்தையே சொல்லப்படுகின்றது. மகாவலி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் அதைக் காணாத பதினான்கு வயதுப் பிள்ளைகளை நான் அங்கே சந்தித்தேன்.

2023 இல் நாங்கள் சில பணியாளர்கள் சேர்ந்து, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஆறு பிறக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டோம். இருபத்திமூன்று பிள்ளைகளுக்கு விருப்பம். கையொப்பம் வந்தது ஏழு பேருக்கு. அம்மாமாரும் வரலாம் என்று சொன்னோம். பதினாறாகியது. ஆறு அம்மாமார் கூடவே வந்தார்கள்.

தலவாக்கலையில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைக் காட்டி, 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டத்தால் அந்த ஆற்றின் நீர் சுரங்கத்துக்குள் போய் 150 மெகாவோற் மின்சாரம் எடுக்க உதவுகின்றது என்று விளக்கினோம். "எங்கட வீட்டுக் கரண்டும் இங்கருந்தா வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்று பின்னேரம் எங்கள் லயத்துக்குப் போனோம். 2006 இல் கணவனை இழந்த ஓர் அம்மா, பீலியில் குடங்கள் வரிசையாக இருப்பதைக் கண்டு, "இவ்வளவு தண்ணி ஓடுற ஊரில ஏன் நீங்க குடத்தில தூக்குறீங்க?" என்று கேட்டார். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா சொன்னார், "ஓடுறது கீழ. லயம் இருக்கிறது மேல." இரண்டு பேரும் அதற்குப் பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர், பிள்ளைகள், அடையாள அட்டை, காணி உறுதி என்று பேச்சு எங்கெங்கோ போனது. அந்தப் பேச்சை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

இயற்கையைப் பற்றிய படிப்பு பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையில் மலைநாட்டின் பல இடங்கள் சரிந்தன. நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்துவரும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் அல்லது நின்றுபோகும் ஊற்று, சுவரில் விரியும் கீறல் ஆகியவை மண்சரிவுக்கு முன் தெரியக்கூடிய அறிகுறிகள். பீலியின் ஊற்றை ஒரு தடவையாவது போய்ப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது கலங்கினால் விளங்கும்.

அதே மழைதான் கீழே இறங்கி வந்து மாவிலாற்று அணைக்கட்டை உடைத்தது. அதற்கு இரண்டு நாள் முந்தி, எங்களுடன் மலைக்கு வந்த ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, மேல எத்தனை நாளா மழை?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தத் தாயும் மகளும் அன்றைக்கே காணி உறுதி, தகப்பனின் மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேட்டில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு மரணச் சான்றிதழை மீண்டும் எடுக்க ஒரு பெண் எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனவே, அந்தக் கடிதம் வீட்டுக்கு வரும்போது உடனே மறுக்காமல், பாடசாலைக்குப் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பெண் ஆசிரியைகள் கூடப் போகிறார்கள்? இரவு தங்குவதாயின் எங்கே, யார் பொறுப்பு? எத்தனை மணிக்கு ஒருமுறை மலசலகூடத்துக்கு நிறுத்துவார்கள்? யாருடைய தொலைபேசிக்கு அழைக்கலாம்? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல பாடசாலை அதற்காகக் கோபிக்காது. கூடப் போகத் தாய்மார் தேவையா என்றும் கேளுங்கள். பணம் கட்ட இயலாவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் பேசுங்கள், பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். பிள்ளையின் பையில் மாதவிடாய்த் துணியும், மாற்றுடுப்பும், மலைநாட்டுக்கு என்றால் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும், அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் வையுங்கள்.

தூரம் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்க் குளக்கட்டு இருக்கின்றது, கண்டல் காடு இருக்கின்றது, ஆற்று முகத்துவாரம் இருக்கின்றது. கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று கிராம அலுவலரிடம் விசாரித்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நீங்களே ஒருநாள் போங்கள். இரண்டு கோப்பைத் தண்ணீர் போதும் அந்தப் பாடத்துக்கு.

பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இழந்ததை அறிந்தவள் அப்படிச் சொல்ல முடியாது. பயத்தோடேயே அனுப்பலாம். ஹோர்ட்டன் சமவெளிக்கு நான் போன அன்று அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டார். கைநடுங்கக் கையொப்பம் போட்டார். இரவு நாங்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததும் அவர் முதலில் கேட்டது, "அந்த ஆறு எங்க தொடங்குது, சொல்லு பாப்போம்" என்பதுதான்.